மலைக்கும் ஒரு பருவம் உண்டு

உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் சுற்றுலாப் பருவம் ஏறக்குறைய சித்திரையில் தொடங்கிப் புரட்டாசியோடு முடிந்துவிடும். வடகீழ்ப் பருவமழை இறங்கியதும் விடுதிகள் வெறிச்சோடும்; அவற்றை நம்பியிருக்கும் அன்புவழிபுரம் போன்ற அயற்கிராமத்தவரின் வருமானமும் சுருங்கும். மலையகத்துக்கு இக்குறை இல்லை என்பதே சுற்றுலாத்துறையினரின் வாதம். மேற்குச் சரிவில் மழை கொட்டும் மாதங்களில் கிழக்குச் சரிவு பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஆகவே ஆண்டு முழுவதும் மலையேறலாம், கூடாரமடித்துத் தங்கலாம் என்கின்றனர். இதனை முற்றாக மறுப்பதற்கில்லை. சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் தொடர் ஆகியவற்றை உள்ளடக்கிய மத்திய மலைநாட்டை 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. அதனைக் காண உலகம் வருவதில் வியப்பில்லை.

ஆயினும், 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலை மறந்து இவ்விடயத்தைப் பேச முடியாது. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மலையில் பெய்த மழை மகாவலியாய்ப் பெருகி நம்மிடமே வந்தது. மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுக்க, வெருகல், மூதூர்ப் பகுதிகளில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருசேர இடம்பெயர்ந்தனர். எனவே மலைச்சரிவில் காடு அழிக்கப்படுவதும் விடுதி எழுவதும் கொட்டியாரக் குடாவோரம் வாழ்வோருக்குத் தொலைதூரச் செய்தியல்ல.

இந்துக்கள் சிவனொளிபாதமென்றும் முஸ்லிம்கள் பாவா ஆதம் மலையென்றும் போற்றும் 2,243 மீற்றர் உயரச் சிகரத்துக்கு யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாதப் பௌர்ணமியில் நிறைவுறுகிறது. எஞ்சிய மாதங்களில் மழையும் காற்றும் மலையை ஆள, யாத்திரிகர் விலகி நிற்பர். இப்னு பதூதா ஏறிய அதே மலையில் நம் முன்னோர் கண்ட ஒழுங்கு இது. சுற்றுலாத் திட்டம் வகுப்போருக்கு இது தெரியாததல்ல, வசதியாக மறக்கப்படுகிறது.

சரிவுக்குச் சரிவு மாறும் மழைக்காலத்தைக் காட்டித்தானே ஆண்டு முழுவதும் வாருங்கள் என்கின்றனர்? அதே கணக்கில் நடைபாதைகளை முறைவைத்து மூடுவதைச் சட்டமாக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை விடுதிகளையும் கட்டுப்படுத்த வேண்டும். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுள் புதைந்த பின்னரும், தோட்டத் தொழிலாளர் பலர் ஆபத்தான சரிவுகளிலேயே வாழ்கின்றனர். புதிய விடுதிகளுக்கு மலையில் நிலம் ஒதுக்குமுன், அவர்களுக்குப் பாதுகாப்பான காணியை உரிமையுடன் வழங்குமாறு அரசாங்கத்தை நாம் கேட்டுக்கொள்கிறோம்.