பாடம் நடத்தாத ஒரு பாடவேளை வேண்டும்

மதுரை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் கணக்கு ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வகுப்பாசிரியருக்கு வாரத்தில் ஒரு பாடவேளையைப் பிள்ளைகளோடு பேசுவதற்கென்றே ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அந்த நேரத்தில் பாடம், தேர்வு, பதிவேடு, இணையத்தில் ஏற்றுகிற வேலை எதுவும் கூடாது.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் பக்கம் மல்லிகைத் தோட்டங்கள் உண்டு. சீசனில் விடியுமுன்னே மொட்டுப் பறித்தாக வேண்டும். ஆள் போதாத வீடுகளில் பிள்ளைகளும் போவார்கள். காலை வழிபாடு முடிந்தபின் வாசலில் வந்து நிற்கிற ஏழாம் வகுப்புப் பெண், பதிவேட்டைப் பொறுத்தவரை தாமதமாக வந்தவள். ஏன் என்று கேட்டால் உடனே வாய் திறக்க மாட்டாள். இரண்டு மூன்று நாள் விட்டுப் பிடித்தால்தான், "அம்மாவுக்கு முடியல டீச்சர், நான்தான் பறிக்கிறேன்" என்று வரும். அது தெரிந்தால், விட்டுப்போன கணக்கை மதிய இடைவேளையில் சொல்லிக் கொடுக்கலாம். கேட்க நேரமில்லாத ஆசிரியருக்கு அவள் சோம்பேறி. அவளுக்கு அந்த ஆசிரியர் சிடுமூஞ்சி. ஆண்டு முழுக்க அப்படியே ஓடிவிடும்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான் தொடங்கியது. வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளை யார் என்பது அதற்கு வெகுகாலம் முன்பே வகுப்பாசிரியர்களுக்குத் தெரியும். பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

கொரோனாவில் அந்த முகம் மறைந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, இரண்டாம் வகுப்பில்தான் முதன்முதலாக வகுப்பறைக்குள் வந்தது. கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே தொடங்கியிருந்ததால் பாடம் வீட்டுக்கே போனது, நல்ல காரியம். புரியாததை டிவியிடம் எப்படிக் கேட்பது? வீட்டிலிருந்த ஒரே செல்போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவில் அது திரும்பிய பிறகுதான் நோட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஆசிரியர் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டால் அத்தோடு சரி. "மூணாவது வரியில கழித்தல் குறி விட்டுப்போச்சு, பாரு சாமி" என்று பேசி அனுப்பினால், பிள்ளை திரும்பப் போட்டு அனுப்பும். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வருடம் முழுக்க வாய் திறக்காத பையன்கள் குரல் பதிவில் சந்தேகம் கேட்டார்கள். அத்தனை பேர் முன்னால் எழுந்து நிற்கிற கூச்சம் அங்கே இல்லை. செல்போனால் உறவு கெட்டது என்பவர்களோடு அதனால்தான் நான் ஒத்துப்போவதில்லை. பள்ளி திறந்ததும் அந்தப் பழக்கத்தை நாம் கைவிட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அதே வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண் பட்டியலைப் போடுகிற வழக்கம் மட்டும் பல இடங்களில் ஒட்டிக்கொண்டது. ஒரு பிள்ளை 18 மார்க் வாங்கியது தெரு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. மறுநாள் அந்தப் பிள்ளை ஆசிரியர் முகத்தை எப்படிப் பார்க்கும்? 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, அடிப்பதோடு மனத்துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. பிரம்பை ஒழித்த நாம் இதை விட்டுவைக்கலாமா? பட்டியல் போடக் கூடாது, மாணவருக்குத் தனியாக எதை அனுப்பினாலும் பெற்றோருக்குத் தெரிந்து அனுப்ப வேண்டும், இரவில் இத்தனை மணிக்கு மேல் செய்தி கூடாது என்று தாங்கள் எழுத்தில் கொடுத்துவிட்டால் ஆசிரியருக்கும் பாதுகாப்பு, பிள்ளைக்கும் பாதுகாப்பு.

எமிஸ் என்கிற கல்வி மேலாண்மைத் தகவல் இணையதளத்தில் விவரம் ஏற்றுகிற சுமையைக் குறையுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் நெடுநாளாகக் கேட்டு வருகின்றன. விழா என்றால் போட்டோ, உறுதிமொழி என்றால் போட்டோ. அதை எடுத்து ஏற்றுகிற நேரத்தில் நாலு பிள்ளைகளிடம் ஊர்க்கதை பேசியிருக்கலாம்.

ஒரு பாடவேளை போனால் பாடப்பகுதி முடியாது என்று தலைமையாசிரியர்கள் சொல்வார்கள். பத்தாம் வகுப்புக்கு அந்தப் பயம் நியாயமானது. ஆகவே ஆறு முதல் ஒன்பது வரை தொடங்கலாம். நீதிபோதனை வகுப்பும் விளையாட்டு வகுப்பும் கணக்குக்கும் அறிவியலுக்கும் போன கதை பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பாடவேளையை யாரும் கடன் கேட்கக் கூடாது என்று சுற்றறிக்கையிலேயே சேர்த்துவிடுங்கள்.

அது எப்படி நடக்கிறது என்று ஆசிரியர்களிடம் அறிக்கை மட்டும் கேட்காதீர்கள். அதுவும் இன்னொரு பதிவாகிவிடும். ஏதாவதொரு பள்ளிக்கு முன்னறிவிப்பில்லாமல் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, பிள்ளைகளிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியை,
திருமங்கலம் வட்டம், மதுரை மாவட்டம்