மாடி ஜன்னல்ல யாரு இருக்காங்க?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

எங்க ஞாயிறு சமய வகுப்புல திருவிழா வந்தா ஓவியப் போட்டி வைப்போம். போட்டின்னு பேர்தான். ஃபோட்டோஸ்டாட் எடுத்த பிள்ளையார் படத்தைக் கொடுத்து கலர் அடிக்கச் சொல்வோம். இந்த முறை வெறும் தாளைக் கொடுத்து, நாளைய ஜார்ஜ்டவுன் எப்படி இருக்கும்னு வரையச் சொன்னோம். வந்ததெல்லாம் கண்ணாடிப் பெட்டிங்கதான். கொம்தார் மாதிரி ஒண்ணு, பக்கத்துல அதே மாதிரி இன்னொண்ணு. மேல துபாய்னு எழுதினாலும் பொருந்தும். தெருவே இல்ல.

பிள்ளைங்க மேல தப்பில்லை. பட்டர்வொர்த், பாயான் லெப்பாஸ்னு தூரத்துல இருந்து கார்ல வந்து இறங்கி, வகுப்பு முடிஞ்சதும் கார்ல ஏறிப் போறவங்க. லெபோ குயின்னா அவங்களுக்குப் பார்க்கிங் கிடைக்காத ஒரு இடம்.

அடுத்த வாரம் லெபோ குயினும் லெபோ பசாரும் சந்திக்கிற முனைக்குக் கூட்டிட்டுப் போனோம். கடைவீட்டு மூலை நம்மைப் பார்த்து நிக்குது. ஒரு சுவர் இடப்பக்கம் ஓடுது, இன்னொண்ணு வலப்பக்கம். டூ பாயிண்ட் பெர்ஸ்பெக்டிவ்னு சொல்றது இதைத்தான். கண் மட்டத்துல படுக்கையா ஒரு கோடு, அதுல இடம் வலமா ரெண்டு புள்ளி. இடப்பக்கச் சுவரோட கூரை விளிம்பு, ஜன்னல் வரிசை, கீழே அஞ்சடி நடைபாதை எல்லாம் இடப்புள்ளியில போய்ச் சேரும். வலப்பக்கம் வலப்புள்ளியில. தூணுங்க மட்டும் நேரா நிக்கும். 1786ல பிரான்சிஸ் லைட் வந்த பிறகு இந்தப் பகுதியைக் கட்டம் கட்டமா போட்டாங்க இல்லையா, அதனால பக்கத்துல ஏறக்குறைய இணையா ஓடுற லெபோ கிங்கையும் அதே புள்ளிக்கு இழுத்துக்கலாம்.

ரெண்டு புள்ளியும் கிட்ட இருந்தா கட்டடம் கப்பல் மூக்கு மாதிரி துருத்திக்கும். அதனால தாளை மேசையில ஒட்டி, புள்ளியைத் தாளுக்கு வெளியே தள்ளி, குண்டூசி குத்தி, கோயில்ல பூக்கட்டுற நூலைக் கட்டி இழுத்தோம். ஸ்கேலை விட இது சுலபம்!

கோபுரம்தான் சோதிச்சது. 1833ல இருந்து இருக்கிற மகா மாரியம்மன் கோயில் கோபுரத்தை ஒரே முக்கோணமா போட்டுட்டாங்க. முதல்ல ஒரு பெட்டி, பக்கத்துக்குக் குறுக்குக்கோடு போட்டு நடு கண்டுபிடி, அந்த நடுவை வச்சு மேல அதைவிடச் சின்னப் பெட்டின்னு அடுக்கச் சொன்னோம். அடுக்கு அடுக்கா ஏறிடுச்சு.

வரைஞ்சுட்டு இருக்கும்போதே ஒரு பொண்ணு கேட்டா: "மாடி ஜன்னல்ல யாரு இருக்காங்க?" நிறைய ஜன்னலுக்குப் பதில், யாருமில்ல. சரக்கு வச்சிருக்காங்க, இல்லன்னா ஹோட்டல். 1999 முடிவோட வாடகைக் கட்டுப்பாடு போச்சு, வாடகை ஏறுச்சு, கீழே கடையும் மேல குடும்பமுமா இருந்த நிறைய பேரு கிளம்பிட்டாங்க. 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தோம். அதுக்குள்ள அவங்க போயிட்டாங்க.

அதுக்கப்புறம் வந்த படங்களைப் பாருங்க. ஒரு பையன் தெரு மேல பறக்கும் ரயில் விட்டிருக்கான். ரெண்டு தண்டவாளமும் சரியா ஒரே புள்ளிக்குப் போறதால அந்த ரயில் நிஜமாவே நம்ம தலைக்கு மேல போற மாதிரி இருக்கு. அதே படத்துல மாடி ஜன்னல்ல கழியில துணி காயுது, ஒரு பாட்டி எட்டிப் பார்க்குறாங்க. கீழே நிக்கிற பெரியவங்க தலை எல்லாம் கண் மட்டக் கோட்டுல. கிட்ட இருக்கிறவரும் சரி, தூரத்துல இருக்கிறவரும் சரி.

விதி வச்சா பிள்ளைங்க கற்பனை செத்துடும்னு சில பெற்றோர் சொன்னாங்க. நாங்க ஒத்துக்கல. விதியே இல்லாமத்தான் முதல் வாரம் அத்தனை பேரும் ஒரே பெட்டியை வரைஞ்சாங்க. சமய வகுப்புல இதெல்லாம் எதுக்குன்னும் கேட்டாங்க. கோயிலைச் சுத்தி நம்ம ஆளுங்க குடியிருந்த தெருவை வேற எந்த வகுப்புல காட்டப் போறோம்?

இனி கலர் அடிக்கிற போட்டி வேண்டாம்னு எங்க குழு முடிவு. அடுத்த ஞாயிறு பென்சில், அழிப்பான் கொண்டு வரட்டும், நூல் நாங்க தர்றோம். உங்க வீட்டுத் தாத்தா பாட்டி யாராவது இந்தத் தெருவுல குடியிருந்திருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க. எந்த ஜன்னல்னு காட்டட்டும்.