புள்ளி எடுப்பவரா, புள்ளி தடுப்பவரா?

இரண்டு கூடைப்பந்து ஆட்டக்காரர்கள். இருவரும் நெடியவர்கள், இருவரும் நடு ஆட்டக்காரர்கள், ஏறக்குறைய ஒரே காலத்தில் அமெரிக்காவின் என்பிஏ போட்டிகளில் ஆடியவர்கள். ஒருவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 30.1 புள்ளி எடுத்தார். மற்றவர் 15.1. இவர்களில் ஒருவரை மட்டுமே எடுக்கலாம், அவரை நடுவில் வைத்துத்தான் மற்ற நால்வரையும் தேட வேண்டும் என்றால் யாரை எடுப்பீர்கள்?

இதற்குக் கால்குலேட்டர்கூடத் தேவையில்லை என்று தோன்றும். 30 என்பது 15-இன் இரு மடங்கு. ஆனால் முதலாமவரான வில்ட் சேம்பர்லின் தம் வாழ்நாளில் வென்ற வாகையர் பட்டங்கள் 2. இரண்டாமவரான பில் ரஸ்ஸல் 13 பருவங்கள் ஆடி 11 பட்டங்களை வென்றார். நான் ரஸ்ஸல் கட்சி. ஏன் என்று சொல்வதற்குள் ஒரு தவறான காரணத்தை முதலில் ஒதுக்கிவிடுகிறேன்.

"11 பெரிது, 2 சிறிது, ஆகவே ரஸ்ஸல்தான்" என்பது அறிவியல் ஆகாது. பட்டத்தை வெல்வது குழு, தனி ஆள் இல்லை. ரஸ்ஸல் ஆடிய பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவில் பாப் கூசி, சாம் ஜோன்ஸ், பிற்பாடு ஜான் ஹாவ்லிசெக் என்று பெரிய கைகள் இருந்தன. ரெட் அவர்பாக் போன்ற பயிற்றுநரும் இருந்தார். உரம் போட்ட செடி நன்றாக வளர்ந்தது. ஆனால் அதே செடிக்குத்தான் வெயிலும் தண்ணீரும் அதிகம் கிடைத்தன என்றால் வளர்ச்சிக்குக் காரணம் உரமா? படிவம் 1 அறிவியல் பாடத்திலேயே மாறிகளைக் கட்டுப்படுத்தச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். விளையாட்டென்று வந்ததும் அதை எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

ரஸ்ஸல் வருவதற்கு முன் பாஸ்டன் ஒரு பட்டம்கூட வென்றதில்லை. அவர் வந்த முதல் பருவத்திலேயே, 1957-இல், வென்றது. 1969-இல் பட்டத்தோடு அவர் ஓய்வு பெற்றார். அடுத்த பருவத்தில் 34 வெற்றி, 48 தோல்வி. கேட்க நல்ல சாட்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் டாம் ஹைன்சன் என்ற சிறந்த புதுமுகமும் அவரோடு அதே பருவத்தில்தான் வந்தார், சாம் ஜோன்ஸும் அவரோடு அதே ஆண்டில்தான் ஓய்வு பெற்றார். மாறிகள் பின்னிக் கிடக்கின்றன.

தெளிவான சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. அது சேம்பர்லினிடமே இருக்கிறது.

1962 மார்ச் 2-ஆம் நாள் அவர் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். 36 கூடைகள், 28 ஃப்ரீ த்ரோ. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். இன்றுவரை அந்தச் சாதனை அப்படியே நிற்கிறது. அந்தப் பருவம் முழுவதற்குமான அவருடைய சராசரி 50.4. மனிதர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 39 அல்லது 40 முறை கூடையை நோக்கிப் பந்தை எறிந்தார், அவற்றில் 50.6 விழுக்காடு விழுந்தன. ஆனால் அவருடைய குழு 80 ஆட்டங்களில் வென்றது 49. பாஸ்டன் வென்றது 60. கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றில் ஏழாவது ஆட்டம்வரை இழுத்துக்கொண்டு போய், 109–107 என்று இரண்டே புள்ளியில் பாஸ்டன் சேம்பர்லினின் குழுவை வெளியேற்றியது.

ஐந்து ஆண்டு கழித்து, 1966–67 பருவம். சேம்பர்லின் இப்போது வேறு குழுவில், அலெக்ஸ் ஹானம் என்ற பயிற்றுநரின் கீழ். ஹானம் அவரைக் குறைவாக எறியச் சொன்னார், மற்றவர்களுக்குப் பந்தைக் கொடுக்கச் சொன்னார். ஆட்டத்துக்கு 14 எறிதல்தான். சராசரி 24.1 புள்ளிக்கு இறங்கியது, பாதிக்கும் கீழே! கூடையில் விழுந்த விழுக்காடோ 68.3-க்கு ஏறியது. குழு 81 ஆட்டங்களில் 68-ஐ வென்றது. தொடர்ந்து எட்டு முறை பட்டம் வென்றிருந்த பாஸ்டனை வீழ்த்தி வாகை சூடியது.

குழு மாறியது, பயிற்றுநர் மாறினார், உண்மைதான். ஆனாலும் உடல் அதே உடல், கை அதே கை. இதில் நடந்தது என்ன? அந்தக் காலத்தில் மூன்று புள்ளிக் கோடு கிடையாது. ஒரு கூடைக்கு 2 புள்ளி. 1961–62-இல் அவருடைய ஓர் எறிதலின் சராசரி மதிப்பு 0.506 × 2, அதாவது 1.01 புள்ளி. 1966–67-இல் 0.683 × 2, அதாவது 1.37. நாற்பது முறை எறிய வேண்டும் என்றால் கடினமான இடத்திலிருந்தும் எறிய வேண்டும், மூன்று பேர் சூழ்ந்து நின்றாலும் எறிய வேண்டும். பதினான்கே முறை என்றால் நல்ல வாய்ப்பு வரும்வரை காத்திருக்கலாம். பொருளியல் படிக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் இதைக் குறைந்து செல் விளைவு என்பார்கள். பசியோடு போய் உட்கார்ந்ததும் வரும் முதல் ரொட்டி சானாய்க்கு இருக்கும் ருசி நான்காவதற்கு இருப்பதில்லை, அவ்வளவுதான். நட்சத்திர ஆட்டக்காரரின் நாற்பதாவது எறிதலைவிடச் சாதாரண ஆட்டக்காரரின் முதல் எறிதல் நல்லதாக இருக்கலாம். களத்தில் ஐந்து பேர், பந்து ஒன்று.

இப்போது ரஸ்ஸலுக்கு வருவோம். அவருடைய வேலையில் பெரும்பகுதி எண்ணப்படவே இல்லை. எதிரியின் எறிதலைத் தடுப்பதை என்பிஏ அதிகாரப்பூர்வமாகக் கணக்கெடுக்கத் தொடங்கியதே 1973–74 பருவத்தில்தான். அவர் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மழைமானியே இல்லாத ஊரில் பெய்த மழையை யார் கணக்குச் சொல்வது?

தடுப்பதிலும் இரண்டு வகை இருக்கிறது. பந்தை ஓங்கி அடித்துக் கூட்டத்துக்குள் அனுப்பினால் அரங்கமே கைதட்டும். ஆனால் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியதால் அது மறுபடியும் எதிரிக்கே போகும். ரஸ்ஸல் பந்தை மெல்லத் தட்டிச் சக ஆட்டக்காரரின் கைக்குப் போகும்படி விடுவார். ஒரு முறை பந்து கையில் இருப்பது சுமார் 1 புள்ளி மதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகைத் தடுப்பில் எதிரியின் தாக்குதல் தள்ளிப்போகிறது, அவ்வளவே. இரண்டாம் வகையில் எதிரிக்கு 1 புள்ளி வாய்ப்பு போகிறது, நமக்கு 1 புள்ளி வாய்ப்பு வருகிறது. கைதட்டல் குறைவு, மதிப்பு அதிகம்.

அந்த 1961–62 பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்குப் போனது தெரியுமா? 50.4 சராசரி எடுத்தவருக்கு இல்லை. ரஸ்ஸலுக்கு. அப்போது அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே. தாளில் இல்லாததை எதிரில் நின்று ஆடியவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

கூடைப்பந்து சீனப் பள்ளிகளின் ஆட்டம், நமக்குக் காற்பந்து போதும் என்று ஒதுங்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அப்படிப்பட்டவர்களுக்காகச் சென்னைக் கதை ஒன்று. நம் நாட்டில் கிரிக்கெட் மட்டையைத் தொடாத பிள்ளைகள்கூடத் தோனியின் பெயரை அறிவார்கள்.

2008 பிப்ரவரி 20, மும்பை. முதல் ஐபிஎல் ஏலம். ஒவ்வோர் அணிக்கும் செலவு வரம்பு 50 லட்சம் அமெரிக்க டாலர். மும்பைக்கு டெண்டுல்கர், டில்லிக்குச் சேவாக் என்று ஐந்து அணிகளுக்கு ஏற்கெனவே ஓர் 'அடையாள ஆட்டக்காரர்' இருந்தார். சென்னைக்கு அப்படி யாரும் இல்லை. அணித் தேர்வைக் கவனித்த வி. பி. சந்திரசேகர் பின்னாளில் சொன்னதன்படி, யாரை எடுக்கலாம் என்ற பேச்சில் உரிமையாளர் தரப்பு சேவாக்கின் பெயரைச் சொன்னது. சந்திரசேகர் தோனிக்காக வாதாடினார். தலைவர், விக்கெட் கீப்பர், ஆட்டத்தைத் திருப்பும் மட்டையாளர், மூன்றும் ஒரே ஆளில் என்பது அவர் வாதம்.

ஏலத்தில் ஒரு விதி. அடையாள ஆட்டக்காரருக்கு அவருடைய அணியில் ஏலத்தில் மிக அதிக விலை போனவரைவிட 15 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும். தோனிக்காக மும்பையும் விலையை ஏற்றிக்கொண்டே வந்தது. 15 லட்சம் டாலருக்கு மும்பை அவரை வாங்கியிருந்தால் டெண்டுல்கருக்கு 17.25 லட்சம் கொடுத்தாக வேண்டும். இருவருக்குமாக 32.25 லட்சம், மிச்சமுள்ள எல்லாருக்கும் சேர்த்து 17.75 லட்சம்தான். சென்னைக்கோ அதே விலையில் 35 லட்சம் மிஞ்சும். மும்பை நின்றுவிட்டது, தோனி சென்னைக்கு வந்தார். மும்பை பிறகு ஜெயசூர்யாவை 9.75 லட்சத்துக்கு எடுத்தது. டெண்டுல்கரின் சம்பளம் 11.2125 லட்சம் ஆனது. விதியைச் சரிபார்க்க விரும்பும் கணித ஆர்வலர்கள் பெருக்கிப் பார்க்கலாம்.

அடுத்த மாதமே ஒரு வேடிக்கை. சென்னைச் சேப்பாக்கம் திடலில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகச் சேவாக் 319 ஓட்டம் குவித்தார். 278 பந்தில் முச்சதம். 'இவரையல்லவா எடுத்திருக்க வேண்டும்' என்று சென்னையில் பலர் முணுமுணுத்திருந்தால் அதில் வியப்பில்லை. அதற்குப் பிறகு சென்னை வென்ற ஐபிஎல் பட்டங்கள் 5, ஐந்தும் தோனி தலைமையில். ஆட்டக்காரராகச் சேவாக்குக்கு ஒன்றும் இல்லை.

இங்கேயும் அவசரப்பட வேண்டாம். அதே 2008-இல் முதல் பட்டத்தை வென்றது சென்னை இல்லை. இறுதியாட்டத்தில் அதைத் தோற்கடித்த ராஜஸ்தான், ஷேன் வார்னை 4.5 லட்சம் டாலருக்கு வாங்கி அவரைச் சுற்றிக் கட்டிய அணி. தோனிக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கிரிக்கெட்டில் பதினொருவர்; ஒருவரின் பங்கு கூடைப்பந்தைவிடச் சிறியது. ஆகவே நட்சத்திரத்தின் விலையைவிட, அவரை எடுத்தபின் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதை நான் முதலில் பார்ப்பேன்.

என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் சொல்லிவிட வேண்டும். 2007-இல் என்பிஏ தேர்வில் முதல் வாய்ப்பு போர்ட்லாண்டுக்குக் கிடைத்தது. கிரெக் ஓடன் என்ற நெடிய தடுப்பாட்டக்காரரா, கெவின் டூரண்ட் என்ற புள்ளி இயந்திரமா? போர்ட்லாண்ட் ஓடனை எடுத்தது. கிட்டத்தட்ட ரஸ்ஸல் கணக்குத்தான். ஓடனுக்கு முழங்கால் காயம் மேல் காயம். என்பிஏ வாழ்க்கை மொத்தமும் 105 ஆட்டங்களில் முடிந்தது. டூரண்ட் 2014-இல் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். தடுப்பவரை எடுத்தாலே வெற்றி என்று எந்த விதியும் இல்லை. ஆனால் ஓர் எலும்பு பின்னால் என்ன செய்யும் என்பதைக் கொண்டு, முன்னால் எடுத்த முடிவை முட்டாள்தனம் என்பதும் சரியில்லை. குடை எடுக்காமல் போன நாளில் மழை வரவில்லை என்பதற்காகக் கறுத்த வானத்தைப் பார்த்தவர் ஏமாளி ஆகிவிட மாட்டார்.

இவ்வளவும் எதற்கு? கெப்பாலா பத்தாசிலோ தாசேக் குளுகோரிலோ ஒரு பள்ளிக் குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஓர் எண்: யார் எத்தனை புள்ளி. மாவட்டப் போட்டிக்குப் பன்னிரண்டு பேர் போகலாம் என்றால் பதின்மூன்றாவதாக நிற்கும் மாணவர் யார்? வழி மறித்து நண்பனுக்கு இடம் உண்டாக்கித் தருபவர், திரும்பி வரும் பந்துக்காக எம்பி எம்பிக் குதிப்பவர், எதிரியை மூலைக்குத் தள்ளி எறியவிடாமல் செய்பவர். அவருடைய புறப்பாட மதிப்பெண்ணும், மாவட்ட அளவில் ஆடும் வாய்ப்பும் எண்ணப்படாத வேலையோடு சேர்ந்து போய்விடுகின்றன. இது நியாயமில்லை என்பதோடு, குழுவுக்கும் நட்டம்.

இதற்குக் கேமராவும் கணினியும் வேண்டாம். ஒரு பயிற்சி நோட்டு போதும். ஒருவர் களத்தில் இறங்கும்போது இரு குழுக்களின் புள்ளியையும் எழுதுங்கள், வெளியே வரும்போதும் எழுதுங்கள். எடுத்துக்காட்டுக்கு, அண்ணன் களத்தில் இருந்த 24 நிமிடத்தில் நம் குழு 31 எடுத்து 33 விட்டது. அவர் கணக்கு −2. தம்பி இருந்த 20 நிமிடத்தில் 24 எடுத்து 15 விட்டது. அவர் கணக்கு +9. அண்ணன் தனியாக 14 புள்ளி எடுத்தார், தம்பி எடுத்தது 2 என்று வைத்துக்கொண்டால் இப்போது கேள்வி சுவையாகிறது.

ஓர் ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். எதிர்க்குழுவின் மாற்று ஆட்டக்காரர்கள் இறங்கிய நேரத்தில்தான் தம்பியும் இறங்கியிருக்கலாம். அப்படியானால் +9 அவருடையதில்லை. யாரோடு சேர்ந்து ஆடினார் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து ஆட்டத்துக்குக் கணக்கு சேர்ந்தால் ஏதோ ஒன்று தெரியத் தொடங்கும், இருபது என்றால் இன்னும் நல்லது. ஆண்டுத் தொடக்கப் பயிற்சி ஆட்டங்களிலிருந்தே எழுதத் தொடங்கினால், பெயர்ப் பட்டியல் போடும் நாளில் ஆசிரியரின் மேசையில் புள்ளித் தாளுக்குப் பக்கத்தில் இந்த நோட்டையும் வைக்கலாம்.