புற்றுநோய்ப் புண்களும் மறக்கப்பட்ட நோயாளரும்

புற்றுநோய் குறித்து எமது நாட்டில் நடைபெறும் விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு விடயங்களுடன் நின்றுவிடுகின்றன. நோயை ஆரம்பத்திலேயே கண்டறிய வேண்டும் என்பது ஒன்று. விலையுயர்ந்த மருந்துகளுக்கு ஏற்படும் தட்டுப்பாடு மற்றையது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மருந்தின்றி நோயாளர் பட்ட அல்லலை எவரும் மறந்திருக்க முடியாது. எனினும், குணமாகும் கட்டத்தைத் தாண்டிவிட்ட ஒருவரின் உடலில் தோலைப் பிளந்துகொண்டு வெளிவரும் புண் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு.

உடலின் பிற பகுதிகளுக்கும் பரவிய புற்றுநோயைக் கொண்டோரில் ஏறத்தாழ 5 முதல் 10 வீதமானோருக்கு இத்தகைய புண்கள் உண்டாவதாகக் கணிக்கப்படுகின்றது. மார்பகம், வாய், கழுத்துப் பகுதிகளிலேயே இவை அதிகம். இலங்கையில் பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும் ஆண்களிடையே வாய்ப் புற்றுநோயும் முதலிடம் வகிப்பதை எண்ணும்போது, இது எமக்குத் தொலைவிலுள்ள பிரச்சினையல்ல என்பது புலனாகும். மார்பில் தோன்றிய கட்டியை வெட்கத்தினாலும் அச்சத்தினாலும் மறைத்து வைத்து, அது உடைந்த பின்னரே வைத்தியசாலையை நாடும் பெண்கள் இன்றும் உள்ளனர்.

நோவைவிடத் துர்நாற்றமே இவர்களை அதிகம் வதைக்கின்றது. நோயாளி பின்னறைக்கு ஒதுக்கப்படுகின்றார். பேரப்பிள்ளைகள் அருகில் செல்லத் தடை விதிக்கப்படுகின்றது. புற்றுநோய் தொற்றும் என்ற தவறான எண்ணம் இன்னும் அகலவில்லை. சாம்பிராணியும் வாசனைத் திரவியங்களும் இந்த நாற்றத்தை மறைப்பதில்லை. அதனுடன் கலந்து மேலும் சகிக்க முடியாததாக்குகின்றன.

ஆனால், இந்த நாற்றம் தவிர்க்க முடியாத விதியன்று. கட்டி வளரும்போது அதன் சில பகுதிகள் இரத்தோட்டம் இன்றி இறக்கின்றன. ஒட்சிசன் இல்லாச் சூழலில் வாழும் பக்டீரியாக்கள் அங்கு பெருகி வெளியிடும் பொருட்களே நாற்றத்துக்குப் பிரதான காரணம். அந்தப் பக்டீரியாக்களை அழிக்கும் மெட்ரோனிடசோல் மிக மலிவான, நீண்டகாலமாகப் பாவனையிலுள்ள மருந்து. 0.75 வீதக் களிம்பாக அதனைப் புண்ணில் இடலாம். களிம்பு கிடைக்காத இடங்களில் மாத்திரையைத் தூளாக்கி, கழுவிய புண்ணின் மீது தூவுவதும் வைத்தியர்கள் கையாளும் முறையே. பலருக்குச் சில நாட்களிலேயே நாற்றம் தணிகின்றது. சில ரூபாய்களில் முடியும் இந்தத் தீர்வைப் பல குடும்பங்கள் அறியாதிருப்பதே எமது கவலை. நாற்றத்தை உறிஞ்சும் கரிப்படை கொண்ட கட்டுகளும் உள்ளன. ஆயினும், அவற்றுட் பல நனைந்தால் பயன் குன்றிவிடும். விலையோ சாதாரண குடும்பத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது.

நோவின் கதையும் ஏறத்தாழ இதுவேதான். உலர்ந்த கோஸ் துணி புண்ணின் கசிவுடன் ஒட்டிக் காய்ந்துவிடுகின்றது. மறுநாள் அதனைப் பிடித்து இழுக்கையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கிழிந்து குருதி பெருகுகின்றது. மருந்து கட்டும் நேரம் நெருங்கும்போதே நோயாளி நடுங்குவதற்கு இதுவே காரணம். சேலைனால் நன்கு நனைத்து ஊறவிட்டு, பின்னர் மெதுவாக அகற்றுவது, புண்ணில் படும் பக்கத்தில் ஒட்டாத பரபின் பூசிய துணியையோ சிலிக்கன் படையையோ வைப்பது, வைத்தியர் விதித்த நோவு நிவாரணியை அரைமணி நேரம் முன்னதாகவே கொடுப்பது ஆகியவற்றால் இந்த வேதனையைப் பெருமளவு குறைக்கலாம். மோர்பினைக் களியுடன் கலந்து புண்ணிலேயே இடும் முறையையும் சில வைத்தியர்கள் கையாளுகின்றனர். ஸ்பிரிட், ஐதரசன் பெரொட்சைட் போன்றவற்றை ஊற்றுவது எரிவையே கூட்டும். தேன் பயன்படுவது உண்மையே. ஆனால் அது கிருமிநீக்கம் செய்யப்பட்ட மருத்துவத் தேன், சமையலறைப் போத்தலில் உள்ளதன்று.

2011 ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டப்பட்ட நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் எழுந்தது. இன பேதமின்றி மக்கள் காட்டிய அந்த அக்கறை போற்றத்தக்கது. கட்டடங்களுக்கும் கருவிகளுக்கும் கொடையாளிகள் கிடைப்பர். வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட நோயாளியின் கட்டுத்துணிக்கு யார் கொடையளிப்பார்? அது அரசின் பொறுப்பாகவே இருக்க வேண்டும். நோவு தணிப்புப் பராமரிப்புக்கென 2019 தொடக்கம் 2023 வரையிலான தேசிய மூலோபாயச் சட்டகம் ஒன்றைச் சுகாதார அமைச்சு வெளியிட்டது. அதன் காலம் முடிந்துவிட்ட நிலையில், கிராமங்களுக்கு எட்டியது எவ்வளவு என்பதை அமைச்சு வெளிப்படையாகக் கூற வேண்டும். அயலிலுள்ள கேரளம் 2008 இலேயே இதற்கென அரச கொள்கையொன்றை வகுத்து, உள்ளூராட்சி மன்றங்களின் வழியே தாதியரை வீடுகளுக்கு அனுப்பிவருகின்றது.

இங்கும் குடும்பநல உத்தியோகத்தர்கள் கர்ப்பிணித் தாய்மாரின் வீடுகளுக்குச் செல்லும் மரபு பல தசாப்தங்களாக உள்ளது. அந்த ஒழுங்கின் மீது, பயிற்சி பெற்ற ஒரு தாதியின் வாராந்த வருகையைச் சேர்ப்பது இயலாத காரியமன்று. வைத்தியசாலையை விட்டு நோயாளி வெளியேறும் நாளிலேயே ஒட்டாத கட்டுத்துணி, சேலைன், மெட்ரோனிடசோல் ஆகியன ஒரு மாதத்துக்குப் போதுமான அளவு கையளிக்கப்பட வேண்டும். கட்டும் முறையை வீட்டார் ஒருவருக்குத் தாதியர் செய்துகாட்டவும் வேண்டும். இவற்றுக்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. மாகாண சுகாதாரத் திணைக்களங்கள் அடுத்த வருடத்துக்கான மருந்துக் கேள்விப் பட்டியலைத் தயாரிக்கும்போதே இதனைத் தொடக்கலாம்.