முந்திரிக் கொட்டையும் அதன் பழமும்

அழையாத இடத்தில் முந்திக்கொண்டு வந்து நிற்பவரை 'முந்திரிக் கொட்டை' என்று பரிகசிப்பது நம்மவர் வழக்கம். பழத்துக்குள் அடங்கி இருக்கவேண்டிய விதை வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் வந்த பெயர் அது. ஆனால் உலகம் அந்த அதிகப்பிரசங்கிக்கே மரியாதை செய்கிறது. அதை உடைத்துப் பருப்பெடுத்துப் பாயசத்திலும் லட்டுவிலும் இட்டுக் கொண்டாடுகிறோம். அடக்கமாகப் பின்னால் நிற்கும் பழத்தையோ மரத்தடியிலேயே அழுக விட்டுவிடுகிறோம்.

புதுச்சேரிக்கு வடக்கே, 1968-ம் ஆண்டில் தோன்றிய ஆரோவில் நகரைச் சூழ்ந்த செம்மண் மேட்டில் முந்திரித் தோப்புகள் உண்டு. பங்குனி, சித்திரை மாதங்களில் அப்பக்கம் போகிறவர்களுக்குப் பழத்தின் மணமே வழிகாட்டும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு, சிவப்பும் மஞ்சளுமான பழங்களைக் கீழே எறிந்துவிட்டுப் போவதைக் காணலாம். 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் இக்கரையோரத்து முந்திரி மரங்களை வேரோடு சாய்த்தது. புதுக் கன்றுகள் வளர்ந்து பலன் தரும்வரை குடியானவர்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. அத்தகைய அருமையான மரம் தரும் பழத்தை வீணாக்குவது தர்மமாகுமா?

இம்மரம் பிரேஸில் நாட்டிலிருந்து போர்த்துகீசியரால் இங்கே வந்தது. அந்நாட்டார் பழத்தைச் சர்க்கரைப் பாகில் மெல்ல வேகவைத்து இனிப்புச் செய்து உண்கிறார்கள். கோவாவிலோ அதைப் புளிக்கவைத்து மது வடிக்கிறார்கள். நமக்கு முதல் மார்க்கமே உகந்தது.

பழத்தின்மீது சொல்லப்படும் குற்றங்கள் இரண்டு. பறித்த மறுநாளே கெட்டுவிடும் என்பது ஒன்று. துவர்த்துத் தொண்டையைக் கரகரக்கச் செய்யும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு, பறித்த அன்றே சமைப்பது பரிகாரம். இரண்டாவதற்கு மருந்து உப்பு. அதே கடற்கரையில் இன்னும் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள் வெயிலில் பளபளக்கின்றன. 1930-ம் ஆண்டில் வேதாரண்யத்தில் ராஜாஜி தலைமையில் நம்மவர் சிறை சென்றது ஒரு பிடி உப்புக்காகத்தானே? அந்த ஒரு பிடி இங்கும் காரியத்தைச் சாதிக்கும்.

இனி, அடுப்பு. 'ஸ்லோ குக்கர்' என்னும் மின்சாரப் பானை இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் 1940-ம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். லிதுவேனியா நாட்டில் ரொட்டிக்காரர் அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவெல்லாம் பானையை வைத்துச் சமைத்ததாகத் தம் தாயார் சொன்ன கதையே அவருக்குத் தூண்டுகோலாம். நமக்கு இது புதுமையல்ல. நீறு பூத்த வரட்டி நெருப்பில் பகலெல்லாம் பால் காய்ச்சியவர்கள்தாமே நம் பாட்டிமார்!

செய்யும் முறை இது. நன்கு பழுத்த பழம் ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டையைத் தோப்பிலேயே நீக்கிவிட வேண்டும். அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து புண்ணாகும், ஆகையால் குழந்தைகள் கையில் கொடுக்கலாகாது. பழங்களைக் கழுவி, இரு முனைகளையும் நறுக்கி எறிந்து, முள்கரண்டியால் ஆங்காங்கே குத்துங்கள். இரண்டு லிட்டர் நீரில் 40 கிராம் உப்பிட்டுக் கொதிக்கவைத்து, அதில் பழத்தை ஐந்து நிமிஷம் வேகவிட்டு வடித்துவிடுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் இருமுறை அலசி, உள்ளங்கையில் வைத்து மெதுவாகப் பிழியுங்கள். துவர்ப்பு பெரும்பாலும் இதிலேயே போய்விடும். இரும்புப் பாத்திரம் மட்டும் வேண்டாம். துவர்ப்பும் இரும்பும் கலந்தால் பழம் கறுத்துப்போகும்.

நானூறு கிராம் பனைவெல்லத்தை அரை டம்ளர் நீரில் கரைத்து, மண் போக வடிகட்டுங்கள். பழத்தை மின்சாரப் பானையில் பரப்பி, வெல்ல நீரை ஊற்றி, நான்கு கிராம்பும் ஒரு சிட்டிகை சுக்குப் பொடியும் சேருங்கள். மூடி, குறைந்த சூட்டில் நான்கு மணி நேரம் வையுங்கள். இடையிடையே திறந்து பார்க்கும் ஆசையை அடக்கவேண்டும். திறக்குந்தோறும் சூடு ஓடிப்போகும். கடைசியில் மூடியை எடுத்துவிட்டு, அதிகச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் பாகு இறுகும். ஏலப் பொடியும், அரை எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்து இறக்குங்கள். மின்சாரப் பானை இல்லாதவர்கள் மண்சட்டியில், சாம்பல் மூடிய தணலின்மேல் வைத்து, அடிபிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். நன்றாக ஆறியபின் கெட்டித் தேங்காய்ப் பால் விட்டுப் பரிமாறலாம். சூட்டோடு விட்டால் பால் திரிந்துவிடும்.

பழமும் வெல்லமும் உப்பும் நம் மண்ணிலேயே கிடைக்கின்றன. கடல் கடந்து தகர டப்பாவில் வரும் பழத்துக்குக் காசு கொடுக்கும் நாம், காலடியில் கிடப்பதைக் குனிந்து எடுக்க ஏன் வெட்கப்படவேண்டும்? இந்தச் சித்திரையில் ஒரு முறை செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் மரத்தடியில் எறிய மனம் வருமானால், குற்றம் பழத்தினுடையது அல்ல, நம்முடையதே.