கைத்தொலைபேசிக்கும் ஒரு சேலைத் திரை



2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியவர்கள் பூனாகலை, கொஸ்லந்தைப் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டார்கள். 2023 மார்ச் மாதம் கபரகலையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் ஊவா மலைகளை உலுக்கியபோதும் மீண்டும் அதே நிலைதான். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள், ஒரே அடுப்பு, ஒரே தண்ணீர்க் குழாய்.

அப்படியான மண்டபங்களில் நமது தாய்மார் முதலில் செய்யும் வேலை எது என்று கவனித்திருக்கிறீர்களா? ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டி, ஒரு சேலையைக் குறுக்கே தொங்கவிடுவார்கள். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையில் ஒரு திரை. அந்தச் சேலைக்குப் பின்னால் களவுப் பொருள் எதுவும் இருப்பதில்லை. ஒரு பாய், இரண்டு பை, பால் குடிக்கும் பிள்ளை. ஆனாலும் திரை வேண்டும். மறைப்பதற்குக் குற்றம் இருப்பதால் அல்ல, மனிதராக இருப்பதால்.

இதை ஏன் நினைவூட்டுகிறேன் என்றால், "பாதர், கைத்தொலைபேசியில் நம்மைப் பற்றிய தகவலை யாரோ எடுத்துக்கொள்கிறார்கள் என்கிறீர்கள். எடுத்தால் எடுக்கட்டுமே. நம்மிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?" என்று நமது இளைஞர் குழுவில் ஒரு தம்பி கேட்டார். அவருடைய கேள்விக்கு அவருடைய அம்மாவே பதில் சொல்லியிருக்கிறார், சேலையைக் கட்டியபோது.

போன் யாருக்குக் கணக்கு எழுதுகிறது?

கணக்கப்பிள்ளை நிறுத்து எழுதும் கொழுந்துக் கணக்கு நமக்குத் தெரியும். எழுதுவது நம் கண் முன்னால் நடக்கும். குறைத்து எழுதினால் சண்டை பிடிக்கலாம். நமது சட்டைப்பையில் இருக்கும் போனும் கணக்கு எழுதுகிறது. ஆனால் அது நம் கண்ணில் படுவதில்லை.

அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரியில் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021 இல் ஓர் ஆய்வு செய்தார். போனை யாரும் தொடாமல் சும்மா வைத்திருந்தார். அப்படியிருந்தும் கூகிள் மென்பொருள் உள்ள போனும் அப்பிள் போனும் சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை தத்தம் கம்பனிக்குத் தகவல் அனுப்பின. 2018 இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இன்னொன்றை வெளிப்படுத்தியது. "இருப்பிட வரலாறு" என்ற பதிவை நிறுத்தி வைத்தவர்களின் இருப்பிடத்தையும் கூகிள் வேறு வழியால் சேமித்துக்கொண்டிருந்தது. இதன் தொடர்ச்சியாக, 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 391.5 மில்லியன் டொலர் கொடுக்க அந்தக் கம்பனி இணங்கியது. கேள்வி கேட்க வலுவுள்ள அரசுகள் அங்கே இருந்தன. பூனாகலையில் இருக்கும் நமக்காக யார் கேட்பார்கள்?

துண்டை மறந்துவிட்டோமா?

நமது மூதாதையர் காலத்தில் "துண்டு" என்று ஒரு சீட்டு இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை எழுதித் தரும் துண்டு கையில் வேண்டும். இந்த ஆள் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இவரை விடுவிப்போம் என்று அதில் எழுதியிருக்கும். புதிய துரை அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுப்பார். கடன் தீராது, இடம் மட்டும் மாறும். கணக்கை எழுதியவர் ஒருவர், அதன்படி வாழ்ந்தவர் வேறொருவர். இந்த முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பின்னர் 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் வழி முன்னோர் இங்கே பிறந்ததற்குப் பத்திரம் காட்டு என்றது. பத்திரம் இல்லாத உழைப்பாளி நாடற்றவரானார். 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 2003 இல் வந்த சட்டம்வரை அந்தக் காயம் ஆறவில்லை.

பதிவு தீயது என்று நான் சொல்லவில்லை. மீரியாபெத்தையில் எத்தனை பேர் மண்ணுக்குள் போனார்கள் என்று முதல் நாட்களில் ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னார்கள். பதிவு இல்லாவிட்டால் இறந்தவருக்குக்கூட நீதி கிடையாது. ஆகவே கேள்வி பதிவு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. பதிவு யார் கையில், எதற்காக, அதைத் திருத்த நமக்கு உரிமை உண்டா என்பதே கேள்வி. இந்தக் கேள்வியை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விலை கொடுத்துப் படித்தவர்கள் நாம்.

ஒரு தங்கையின் கதை

இடம்பெயர்ந்த ஒரு இளம் தாய் ஒருநாள் அழுதுகொண்டு வந்தார். பிள்ளையின் பாடசாலைச் செலவுக்காகப் போனிலேயே கடன் தரும் ஒரு செயலியில் சிறு தொகை வாங்கியிருந்தார். அந்தச் செயலி "தொடர்பு இலக்கங்களைப் பார்க்கலாமா?" என்று கேட்டபோது "ஆம்" என்று அழுத்திவிட்டார். தவணை பிந்தியதும் அவருடைய அண்ணன், ஆசிரியை, கிராம உத்தியோகத்தர், என்னையும் சேர்த்து, அவரது போனில் இருந்த எல்லோருக்கும் அழைப்பு வந்தது. "உங்கள் ஆள் கள்ளி" என்றார்கள். வீட்டை மலை கொண்டுபோனது, மானத்தைப் போன் கொண்டுபோனது என்று சொல்லி அழுதார்.

இந்தியாவில் இத்தகைய கொடுமைகள் பெருகியதால், கடன் செயலிகள் தொடர்பு இலக்கங்களையும் அழைப்பு விபரங்களையும் தொடக்கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. நம் நாட்டிலும் 2022 இல் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பிரிவுகள் தள்ளிப்போடப்பட்டன. சட்டம் வரும்வரை கைகட்டி நிற்பதா? நம்மால் செய்யக்கூடியது எதுவும் இல்லையா?

வேறு வழி உண்டு

போனை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். நம்மில் பெரும்பாலானோரின் போனில் இருப்பது அன்ட்ரொய்ட். அதன் அடிப்படை எழுத்து எல்லோருக்கும் திறந்தது. யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அந்த அத்திவாரத்தின் மேல்தான் கூகிள் தன் சேவைகளைக் கட்டி, வாசலில் தன் காவற்காரனையும் நிறுத்துகிறது. அத்திவாரத்தை வைத்துக்கொண்டு காவற்காரனை மட்டும் அனுப்பிவிட முடியுமா என்று சிந்தித்தவர்கள் சில மாற்று இயங்குதளங்களைச் செய்திருக்கிறார்கள்.

லினியேஜ் ஓ.எஸ். என்பது 2016 இறுதியில் தொண்டர்கள் தொடங்கியது. கம்பனி கைவிட்ட பல பழைய போன்களுக்கும் அது புது உயிர் கொடுக்கிறது. கிராபீன் ஓ.எஸ். என்பது பாதுகாப்பில் மிகக் கண்டிப்பானது. கூகிளின் பிக்சல் போன்களுக்காக எழுதப்பட்டது. பிரான்ஸ் நாட்டவர் ஒருவர் தொடங்கிய ஈ ஓ.எஸ். என்பது சாதாரண மக்கள் பாவிப்பதற்கு இலகுவானது. இவற்றுக்குத் தேவையான செயலிகளை எப்-ட்ரொயிட் என்ற களஞ்சியத்தில் இலவசமாக எடுக்கலாம். கணக்குத் திறக்கவோ பெயர் கொடுக்கவோ தேவையில்லை. இணையம் இல்லாமலே வழி காட்டும் வரைபடம்கூட அங்கே உண்டு. சிக்னல் கிடைக்காத நமது மலைகளுக்கு அது பெரிய உதவி.

இவற்றால் பயன் உண்டா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். முன்சொன்ன பேராசிரியர் லீத், எடின்பரோ பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து 2021 இல் பல போன்களை ஒப்பிட்டார். சும்மா வைத்திருந்தபோது ஈ ஓ.எஸ். ஏறக்குறைய எதையும் வெளியே அனுப்பவில்லை. லினியேஜ் இருந்த போனில் கூகிள் செயலிகளையும் ஏற்றியிருந்தார்கள். அது வழக்கம்போலக் கூகிளுக்குத் தகவல் அனுப்பியது. காவற்காரனை வாசலால் அனுப்பிவிட்டு ஜன்னலால் திரும்பக் கூப்பிட்டால் இதுதான் நடக்கும்.

இது வெள்ளைக்காரருக்கு மட்டும் உரிய வேலை அல்ல. சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த ஒரு சிறு நிறுவனம் 2023 ஜனவரியில் பார் ஓ.எஸ். என்ற இயங்குதளத்தை வெளியிட்டது. அதில் முன்கூட்டியே திணிக்கப்பட்ட செயலிகள் இல்லை. எதை ஏற்றுவது என்பதைப் பாவிப்பவரே தீர்மானிக்கிறார்.

நம் நாட்டிலும் ஒரு முன்மாதிரி உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் "சஹானா" என்ற திறந்த மென்பொருளைச் சில வாரங்களில் உருவாக்கினார்கள். 2006 இல் பிலிப்பைன்சில் மண்சரிவு ஒரு கிராமத்தையே மூடியபோது அங்கேயும் அது உதவியது. பேரிடரில் அகப்பட்டவர்களின் பதிவை எந்தப் பெரிய கம்பனியிடமும் ஒப்படைக்காமல் வைத்திருக்கலாம் என்பதற்கு நம் நாட்டவரே சாட்சி.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

இதில் கஷ்டங்களும் உண்டு. எல்லாப் போன்களிலும் இயங்குதளத்தை மாற்ற முடியாது. சில கம்பனிகள் அதைப் பூட்டியே விற்கின்றன. மாற்றும்போது போனில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். அவசரப்பட்டுப் பிழை விட்டால் போன் செயலிழந்து செங்கல்லாகிவிடும். சில வங்கிச் செயலிகள் கூகிள் இல்லாத போனில் திறக்க மறுக்கும். வட்ஸ்அப் வேலை செய்யும், ஆனால் அதுவும் இன்னொரு பெரிய கம்பனியின் சொத்தே. மத்திய கிழக்கிலிருக்கும் மகளின் முகத்தைப் பார்க்க வட்ஸ்அப்பைத் தவிர வழியில்லாத தாயிடம் "அதை விட்டுவிடு" என்று நான் சொல்லமாட்டேன்.

அனர்த்த எச்சரிக்கையை இழந்துவிடுவோமோ என்றும் பயப்பட வேண்டாம். அழைப்பும் குறுஞ்செய்தியும் கூகிளை நம்பியிருப்பவை அல்ல. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு எந்தப் போனிலிருந்தும் பேசலாம்.

ஆகவே, எல்லோரும் நாளைக்கே மாற வேண்டும் என்பது என் கருத்தல்ல. ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு இளைஞர் இதை முறையாகப் பழகட்டும். மூலையில் கிடக்கும் பழைய போன் ஒன்றில் முதலில் செய்து பார்க்கட்டும். கைதவறினாலும் நட்டமில்லை. மற்றவர்கள் இன்றைக்கே மூன்று காரியம் செய்யலாம். ஒன்று, போனின் "அமைப்புகள்" பகுதிக்குப் போய், எந்தச் செயலிக்கு உங்கள் இலக்கங்களையும் இருப்பிடத்தையும் பார்க்க அனுமதி கொடுத்தீர்கள் என்று பார்த்து, தேவையற்றதை நிறுத்துங்கள். இரண்டு, போனில் கடன் தரும் செயலிகளை அகற்றுங்கள். மூன்று, நிவாரணம் தருகிறோம் என்று வரும் இணைப்புகளுக்கு அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். முதலில் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

திருத்தம் எங்களிடமிருந்து தொடங்கட்டும்

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்றும் யோசித்தேன். இடம்பெயர்ந்தோர் விபரங்களைச் சேகரித்தவர்களில் நானும் ஒருவன். பெயர், அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகளின் வயது, யார் கர்ப்பிணி, யார் விதவை எல்லாவற்றையும் எழுதி, கூகிள் படிவத்தில் ஏற்றி, வட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்திருக்கிறேன். அரிசிப் பொதியோடு நீங்கள் நின்ற படங்கள் முகநூலில் போனபோது நான் தடுக்கவில்லை. உங்கள் அனுமதியைக் கேட்கவும் இல்லை. அவசரம் என்று சொன்னோம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. நீங்கள் கட்டிய சேலையை விலக்கியவர்களில் நாங்களும் இருக்கிறோம். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று 1931 இலேயே திருத்தந்தை பதினோராம் பயஸ் கற்பித்தார். ஆகவே பங்குகளும் சமூகப் பணி நிலையங்களும் முதலில் தங்கள் பதிவேடுகளைத் தங்கள் கையில் வைத்திருக்கப் பழக வேண்டும். அலுவலகப் போன்களிலாவது இந்த மாற்று இயங்குதளங்களைப் பரீட்சிக்க வேண்டும். யாருடைய விபரத்தை எழுதினாலும், ஏன் எழுதுகிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம், யாருக்குக் காட்டுவோம் என்று அவர்களிடமே சொல்ல வேண்டும்.

நல்ல ஆயனும் ஆடுகளை அறிவான், திருடனும் ஆடுகளைக் கணக்கெடுப்பான். ஆயன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், திருடன் விலை போடுகிறான். நம்மை அறிந்துவைத்திருப்பவர் யார், எதற்காக அறிகிறார் என்று கேட்பது இடம்பெயர்ந்தவர்களுக்கும் உரிய உரிமை.

குழுவாகச் சிந்திக்க:

1. நமது குடும்ப விபரங்கள் இன்று யார் யாரிடம் இருக்கின்றன? அவற்றைக் கொடுத்தது யார்?

2. பங்கிலோ நிறுவனத்திலோ நம்மைப் பற்றி எழுதி வைத்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோமா? கேட்டால் காட்டுவார்களா?

3. நமது பகுதியில் இதைப் பழக முன்வரும் அந்த இரண்டு இளைஞர் யார்?