நாவில் தோன்றும் வெண்பருக்கள்

காலையிற் பல் துலக்கும்பொழுது நாவை முழுவதும் நீட்டிக் கண்ணாடியிற் பார்த்து, அடிநாவில் வரிசையாக நிற்கும் பருக்களைக் கண்டு கலங்கிய மாணவர் சிலரை நாம் அறிவோம். அவை நோயல்ல. ஒவ்வொருவர் நாவிலும் இயல்பாகவே 8 முதல் 12 வரையிலான பெரிய நாவரும்புகள் அம்புமுனை வடிவில் அங்கே அமைந்திருக்கின்றன. அவற்றை முன்பு நாம் பார்த்ததில்லை என்பதே அச்சத்துக்குக் காரணம்.

நுனிநாவில் திடீரெனத் தோன்றி, மிளகாய்க் காரம் பட்டதும் கண்ணீர் வரச்செய்யும் சிறு வெண்பரு வேறொன்று. உடற்சூடு என்று கூறி, எண்ணெய் முழுக்குக்கு நாட் பார்க்கும் பாட்டிமார் இன்றும் உளர். நாவைக் கடித்தல், கொதிக்கும் தேநீரை அவசரமாகப் பருகல், உடைந்த பல்லின் கூர் உரசல் என்பவற்றால் ஒரு நாவரும்பு வீங்குவதே பெரும்பாலும் இதுவாகும். ஒரு குவளை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை கொப்பளித்து, காரத்தையும் புளிப்பையும் விலக்கினாற் சில தினங்களில் மறைந்துவிடும். நகத்தாற் கிள்ளுதல் கூடாது.

பாலுண்ணும் குழந்தையின் நாவில் வெண்மை கண்டால், ஈரமான தூய துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். பாற்படிவாயின் எளிதில் அகலும். தயிர்த்திப்பி போல ஒட்டியிருந்து, துடைத்த இடம் சிவந்து காணப்பட்டால் அது பூஞ்சணத்தால் வந்ததாகலாம். வைத்தியர் தரும் சொட்டு மருந்தினாற் குணமாகும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கத்தை மாத்திரம் தாய்மார் கைவிடவேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கவல்லன. முதியோருள் நீரிழிவுடையோர்க்கும், கட்டுப்பற்களைக் கழற்றாமல் உறங்குவோர்க்கும் இப்பூஞ்சணம் வருவதுண்டு.

இதுவரை கூறியவற்றுக்கெல்லாம் நம்மவர் மருந்து தேடி ஓடுகின்றனர். ஓடவேண்டிய ஒன்றுக்கோ ஓடுவதில்லை. ஏனெனில் அது வலிப்பதில்லை. நாவின் ஓரத்திலோ கன்னத்தின் உட்புறத்திலோ துடைத்தாலும் போகாத வெண்படை ஒன்று மாதக்கணக்காக இருக்கும். வெற்றிலை போடும் அப்புவிடம் கேட்டால், "சுண்ணாம்பு பட்டுப் பொத்தது" என்பார். இத்தகைய படைகளுட் சில நாளடைவிற் புற்றுநோயாக மாறுகின்றன. வெண்மையிடையே சிவப்பும் கலந்திருந்தால் அபாயம் அதிகம். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. புகையிலையை நீக்கிப் பாக்கு மாத்திரம் மெல்லுகிறோம் என்போருக்கும் ஆறுதல் இல்லை. பாக்கும் புற்றுநோயை உண்டாக்குவதே என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அறிவித்துள்ளது.

ஆகவே, வலித்தாலும் வலிக்காவிட்டாலும், இரண்டு வாரங்கடந்தும் மாறாத பரு, படை, புண், தடிப்பு எதுவாயினும் பல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளிலுள்ள பற்சிகிச்சைப் பிரிவுகளில் இதற்குக் கட்டணமில்லை. சந்தேகம் உண்டாயின், ஊசி போட்டு அவ்விடத்தை விறைக்கச் செய்து, சிறு துண்டொன்றை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அப்பு தனியே போகமாட்டார். பேரப்பிள்ளைகளில் ஒருவர் துணைக்குச் செல்லுங்கள்.